தர்ப்பையைப் பிடுங்கிய ஞாயிற்றுக்கிழமை

இரண்டு கைகளிலும் புல்லை வாரிப் பிடித்துக்கொண்டு, கோப்பை ஜெயித்தவள் மாதிரி நான் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கிட்டு வாத்தியாரின் ஸ்கூட்டர் கரமனை ஆற்றங்கரையில் வந்து நின்றது.

என் முழங்கால் வரை சேறு. தலையில் துண்டு. துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டியிருந்தேன். காலில், மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய ரோஜா நிற ஷூ. பிடுங்கிய புல்லின் பச்சை வாசனையும் சேற்று வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. எனக்குப் பின்னால் ஒரு பாத்தி நீளத்துக்கு மண் மொட்டையாகக் கிடந்தது. மொட்டையடித்தவள் நான்தான். அந்தப் பெருமையில்தான் அவ்வளவு சிரிப்பு.

வாத்தியார் ஹெல்மெட்டைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு மண்ணைப் பார்த்தார். அவர் எங்கள் தெருவுக்குப் புரோகிதர், என் மகளைவிட வயதில் சின்னவர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் செல்போனிலேயே மந்திரம் சொல்லித் தர்ப்பணம் பண்ணிவைக்கிறவர். எதற்கும் பதறாத மனிதர். அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

அவர் என்ன சொன்னார் என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் தைரியம் வரவேண்டும். என் சமையல் லட்சணத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்களுக்குக் கூச்சமே கிடையாதா?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கிடையாது அம்மா. இந்த வாரமும் கிடையாது.

கிளம்பின இடத்துக்கே திரும்புவது

என் கணவர் நீலகண்டனுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். தினமும் நடந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம், நடக்காவிட்டால் அடிக்கடி பார்க்கலாம், எப்படிப் பார்க்க இஷ்டம் என்று கேட்டார். இவர் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். நானும் நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, நடக்கப் போகலாமா என்று கேட்டேன்.

"கிளம்பின எடத்துக்கே திரும்பி வரதுக்கு எதுக்காக்கும் கிளம்பறது?" என்றார்.

 இதற்குப் பதில் தெரிந்தவர்கள் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

மகள் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாள். கையில் கட்டிக்கொண்டால் நடையைக் கணக்குப் பண்ணுமாம். இவர் அதைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து புளிசேரியும் சாதமும் பிசைந்து சாப்பிட்டார். கடிகாரம் அதையும் நடை என்று எடுத்துக்கொண்டு, சபாஷ் என்று ஒரு மணி அடித்தது. இவருக்கு அதில் பரம திருப்தி. ரெண்டாம் தடவை ரசஞ்சாதம் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் அவர் தூங்கும்போது, துணி மடிக்கிற சாக்கில் அறை வாசலில் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறி இறங்கும். அப்புறம்தான் நான் போய் அடுப்பைப் பற்றவைப்பேன். பயம்தான், வேறென்ன. இந்த மனுஷன் இல்லாமல் நான் யாரிடம் சண்டை போடுவேன்?

ஒரு குடையின் கதை

நடக்கவே மாட்டாத ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். நடப்பார். ஆனால் காரணம் வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வலியசாலையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இவர் கையில் வேறு யாருடைய குடையோ இருக்கிறது. மூங்கில் பிடி. எங்களுடையது இரும்புப் பிடி. விசாரித்ததில் அந்தக் குடை பேட்டையில் இருக்கும் ஒருவருடையது என்று தெரிந்தது. வெளியே மழை பெய்கிறது. பஸ் ஓடவில்லை. "பாவம், அவா நனைவா" என்று சொல்லிவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இவர் நனைந்துகொண்டே பேட்டைக்கு நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். விரிக்கவில்லை. அது அடுத்தவாள் குடையாம்.

ஆக, கால் இருக்கிறது. நெஞ்சிலும் இப்போது வழி திறந்திருக்கிறது. காரணம்தான் இல்லை.

ஓட்டக்காரா

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு வழியாக ஒரு கூட்டம் ஓடும். பெரும்பாலும் கழக்கூட்டம் பக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள். பாலத்தருகே கூடி, தெருத் தெருவாக ஓடி, ஓடி முடிந்த இடத்தில் ஏதாவது ஒரு வேலை செய்வார்கள். ஒரு வாரம் ஓடையில் பிளாஸ்டிக் பொறுக்குவது, ஒரு வாரம் பள்ளிக்கூடத்து மரங்களுக்கு மண் அணைப்பது. மூட்டை தூக்குவதுதான் அவர்களுக்கு எடை தூக்கும் பயிற்சி. குனிந்து களை பிடுங்குவதுதான் இடுப்புப் பயிற்சி. அந்தக் குழுவுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் தெருவில் 'ஓட்டக்காரா' என்போம்.

இதை நடத்துகிறவள் ஷீபா. மார்த்தாண்டத்துப் பெண், ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க உட்கார்ந்தே இருந்து முதுகு போய்விட்டது என்று இதை ஆரம்பித்தாளாம்.

எனக்கு மூளையில் பளிச்சென்று பட்டது. இவருக்கு வேண்டிய காரணம் இதோ, வாசலிலேயே ஓடுகிறது. நான் முதலில் சேர்ந்துவிட வேண்டும். பெண்டாட்டி ஓடுவதைப் பார்த்து ரோஷம் வந்து இவரும் வருவார். இது என் திட்டம். என் திட்டங்களின் யோக்கியதை இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

முதல் ஞாயிறு நான் ரோஜா நிற ஷூவைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டு ராஜம் மாமி கோலப்பொடியும் கையுமாக நிமிர்ந்து பார்த்து, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா, ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டாள். எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை ஓடுகிறாள் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

பள்ளிக்கூட நாளிலேயே நான் டிரில் வகுப்புக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு, நூலகத்தில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றவள். எல்லாரும் பாலத்திலிருந்து கிளம்பி ஆற்றங்கரைக்குப் போய்ப் பாதி வேலையை முடித்த பிறகு நான் போய்ச் சேர்ந்தேன். மூச்சு இரைத்ததில் ஒரு நல்ல வார்த்தை பேச முடியவில்லை. அதைப் பார்த்த ஷீபா, மெதுவாக வாங்க மாமி, ஓடணும்னு ஒண்ணும் இல்லை என்றாள். அதுவரை நான் ஓடியதாக அவள் நினைத்துக்கொண்டதே எனக்குப் பெருமையாக இருந்தது.

இவர்? வாசலில் நின்று பார்த்தார். "பின்னாலே நாய் வரதா?" என்று கேட்டார். உள்ளே போய்ப் பேப்பரைப் பிரித்துவிட்டார். ரோஷம், மண்ணாங்கட்டி.

எனக்குத் தெரியாத செடியா

மூன்றாவது ஞாயிறு கடவில் வேலை. ஆற்றில் இறங்கும் படித்துறையை இங்கே கடவு என்போம். படியோரம் எல்லாம் மஞ்சள் பூக்கொடியும் தொட்டாற்சிணுங்கியும் அடைத்துக்கொண்டு, தர்ப்பணத்துக்கு இறங்குகிறவர்கள் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். அதைச் சுத்தம் பண்ண வேண்டும். ஷீபா ஆளுக்கொரு பக்கம் பிரித்துக் கொடுத்தாள். எனக்கு இடது பக்கம், படிக்கு மேலே உள்ள மேட்டு நிலம்.

"வேரோட புடுங்கணும் கேட்டியளா மாமி? இல்லன்னா நாளைக்கே முளைச்சிரும்" என்றாள்.

சரி என்று குந்தினேன். கொடியெல்லாம் சுலபமாக வந்தது. அதற்கப்பால் முழங்கால் உயரத்துக்குக் கூரான புல் ஒன்று நின்றது. கையை வைத்தால் ஓரம் அறுக்கிறது. ஷீபா வந்து பார்த்துவிட்டு, ஒரே வரிசையாக நிற்கிறதே, யாராவது நட்டதாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டாள்.

அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், இந்த ஆற்றங்கரையில் எனக்குத் தெரியாத செடியா, இது வெறும் காட்டுப்புல், கையைக் கிழிக்கிறதைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று ஒரு சின்னப் பிரசங்கமே பண்ணினேன். மாமி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாவம் அந்தப் பெண் போய்விட்டாள்.

அப்புறம் எனக்கு ஒரு வெறி வந்தது. குந்துவேன், இழுப்பேன், எழுந்திருப்பேன். மறுபடி குந்துவேன். வேர் ஆழமாகப் போயிருந்தது. ஒவ்வொன்றையும் வேரோடு உருவி எடுத்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருத்தன் போட்டோ எடுத்துத் தெருவின் வாட்ஸாப் குழுவில் போட்டான். அதைப் பார்த்துவிட்டுத்தான் வாத்தியார் ஸ்கூட்டரை எடுத்திருக்கிறார். வந்து நின்றவர் முன்னால் நான் இன்னொரு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர் சொன்னதைச் சொல்லலாம்.

"மாமி, மாமா அமாவாசைக்கு அமாவாசை விரல்ல போட்டுக்கற பவித்ரம் எதுல பண்ணறதுன்னு நினைச்சேள்?"

கையிலிருந்த புல்லைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நான் பார்த்த தர்ப்பை வைக்கோல் நிறத்தில் இருக்கும். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. சுவாமி அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பேன். அமாவாசையன்று டப்பாவைத் திறந்து இவர் கையில் கொடுப்பேன். அது ஒரு காலத்தில் பச்சையாக மண்ணில் நின்றிருக்கும் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. கடையில் கட்டாகவே விளைகிறது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. இத்தனைக்கும் நான் தாவரவியல் படித்தவள். பட்டம் அதே அலமாரியில், பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கடைக்கட்டு பாதி பொடிப்பொடியாக உதிர்கிறது என்று, தெருவுக்கெல்லாம் நல்ல தர்ப்பையாகக் கொடுக்க வேண்டும் என்று, வாத்தியார் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டு வளர்த்தது அது. ஆடி அமாவாசைக்கு அதைத்தான் நம்பியிருந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து, நான் குவித்து வைத்திருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

வேர் அறுபடாமல் இருந்தது. உடனே திருப்பி நட்டால் பிழைக்கலாம், ஆனால் பங்குனி வெயில், மழை வருகிறவரை காலையும் சாயங்காலமும் தண்ணீர் விட வேண்டும் என்றார். அத்தனை பிள்ளைகளும் ஓட்டத்தை மறந்து மண்ணில் உட்கார்ந்து நட்டார்கள். தண்ணீரை நான் விடுகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். 

வாளி

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி பண்ணுவார் என்று காத்திருந்தேன்.  மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலம் தண்ணீர் விடப் போக வேண்டும். கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன். தொடை இரண்டும் கட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. காலையில் அவ்வளவு குந்தியதற்குக் கூலி. சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரைக்கும் போய்வர முடிந்தது. அதற்குமேல் அம்மா, அப்பா என்று முனகத்தான் முடிந்தது. உடற்பயிற்சி செய்தவள் படுத்துவிட்டாள்.

குளியலறையில் கொக்கியிலிருந்து வாளியை எடுக்கிற சத்தம் கேட்டது. எங்கே என்று கேட்டேன்.

"நீ பண்ணின பாபத்துக்கு யாராவது தண்ணி ஊத்தணுமே" என்றார்.

தெருவின் கடைசி வரை நடந்து, கடவில் இறங்கி, தண்ணீர் மொண்டு, படியேறி, பாத்தியில் விட்டு, மறுபடி இறங்கி ஏற வேண்டும். முதல் நாள் அவர் திரும்பி வருகிறவரை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தேன். சட்டையெல்லாம் நனைந்து வந்தார். நெஞ்சை என்னமாவது பண்ணுகிறதா என்றேன். அரை வாளிதான் எடுத்தேன், நீ உன் தொடையைப் பார் என்றார்.

என் தொடை சரியாகிவிட்டது. அதை நான் வெளியே சொல்லவில்லை. இன்னும் கொஞ்சநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அப்புறம் சுவர் தேவைப்படவில்லை. காலையில் நான் காப்பி போட்டு முடிப்பதற்குள் கொக்கி காலியாக இருக்கும்.

அவர் முகத்தில் ரத்தம் ஊறியது. மாடிப்படியை நிற்காமல் ஏறினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டக்காரா எதிரே வரும்போது ஷீபா, மாமாவும் நம்ம ஆளுதான் என்பாள். இவருக்குப் பிடிக்காது. அவர்கள் நட்ட மரங்களுக்கும் ஒரு வாளி விடுங்கள் என்று அவள் கேட்டுப்பார்த்தாள். அது நீங்கள் வைத்தது, உங்கள் பொறுப்பு, எனக்கு உண்டானது இந்தப் பாத்தி மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, பலே, என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று சந்தோஷமாகக் கேட்டார். ஒன்றுமே செய்வதில்லை, நேரமும் இல்லை, வீட்டு வேலை இருக்கிறது என்று இவர் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை

வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை பிடித்தது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. நான் மட்டும் வாத்தியார் வந்துவிடுவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நினைத்தபடியே வாத்தியார் வந்தார். ஹெல்மெட்டோடு வாசலில் நின்று, "இனி தண்ணி வேண்டாம் மாமா. அது நன்னா பிடிச்சுடுத்து" என்றார். அவர்கள் இரண்டு பேரும் கைகுலுக்காத குறை. வாத்தியாருக்குக் காப்பி கொடுத்தேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனாலும் அன்றைக்குச் சர்க்கரை கம்மியாகத்தான் போட்டேன்.

இவர் வாளியைக் கழுவிக் கொக்கியில் மாட்டினார். மறுநாள் காலையில் பேப்பரைப் பிரித்தார். அதற்கு மறுநாளும் பேப்பர். வெந்தயம் வாங்கி வாருங்கள் என்று அனுப்பிப் பார்த்தேன். கடைக்குப் போன் போட்டு வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். ஒருநாள் மாடிக்குத் துணி எடுக்கப் போனவர் பாதிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சும்மாதான் நின்றேன் என்றார். நான் மறுபடியும் மத்தியானங்களில் அறை வாசலில் நின்று போர்வையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அந்தப் புல் எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள் என்று நச்சரித்தேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பாத்தி பச்சைப் பசேல் என்று அடர்ந்து நின்றது. ஈர மண் வாசனை. ஆறு கலங்கிப் பெருகி, கடவில் பாதிப் படிகளைக் காணோம். இவர் தர்ப்பையை ஒரு சுற்று பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி. போன காரியம் முடிந்தது என்பதுபோல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார்.

எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷன் நாளைக்கும் பேப்பரைத்தான் பிரிக்கப் போகிறார்.

சத்தம் போடாமல் குந்தினேன். ஓரத்தில் நின்ற ஒரு தூரை இரண்டு கையாலும் பிடித்தேன். பாபம்தான். ஏற்கெனவே ஒரு முழுப் பாத்தி என் தலையில் இருக்கிறது, இன்னும் ஒரு பிடி கூடினால் கூடட்டும். வாத்தியாரிடம் மாடு மேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இழுத்தேன். வரவில்லை. அவர் விட்ட தண்ணீரில் அப்படி வேர்பிடித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தேன்.

இவர் திரும்பவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

"வேரோட பிடுங்கு. இல்லாட்டா நாளைக்கே முளைச்சுடும்."

வேரோடுதான் பிடுங்கினேன். அங்கேயே, இன்னும் கொஞ்சம் தள்ளி, இரண்டு பேருமாகத் திருப்பி நட்டோம்.

மறுநாள் காலை எழுந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொக்கியைப் பார்த்தேன். குடையும் இல்லை, வாளியும் இல்லை.